அத்தியாயம் 6: பையனின் ஆக்‌ஷனில் கை வைப்பதற்கு முன்

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் பக்கத்துத் திடல்களில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் பார்த்தால், எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத ஆக்‌ஷன் நாலைந்தாவது கண்ணில் படும். ஒருவன் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் சுழற்றுவான். இன்னொருவன் இரண்டு எட்டு நடந்து மூன்றாவது எட்டில் சட்டென்று வீசிவிடுவான். வேறொருவன் எந்தக் காலில் இறங்குகிறான் என்பதே புரியாது. ஆனால் பந்து ஸ்டம்பின் அடியைத்தான் தேடிப் போகும்.

அப்படி ஒருவனை உங்களிடம் கொண்டுவந்து, “அண்ணா, இவனுக்கு லெதர் பால் சொல்லிக்கொடுங்க” என்று விடுவார்கள். நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், மாவட்ட லீக் ஆடி முடித்தவராக இருக்கலாம், அல்லது டீமில் வயதில் மூத்தவர் என்பதாலேயே பயிற்சியாளர் ஆனவராக இருக்கலாம். அவன் முதல் பந்து போட்டதுமே, “கையை மேலே தூக்குடா” என்று சொல்ல உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். அதை அடக்கிக்கொண்டு, எதைப் பார்த்து, எந்த வரிசையில், எவ்வளவு மாற்றுவது என்பதே இந்த அத்தியாயம்.

மாற்றுவதற்கு மூன்று காரணங்கள்

1. விதி: முழங்கை நிமிர்ந்து பந்தை எறிகிறான். நம் ஊர்ப் பேச்சில், மாங்கா அடிக்கிறான்.
2. உடம்பு: அவன் வீசும் விதம் முதுகையோ தோளையோ முழங்காலையோ கெடுக்கிறது, அல்லது கெடுக்கும் என்பதற்கு அடையாளம் தெரிகிறது.
3. கட்டுப்பாடு: ரன்-அப், பிடி, பயிற்சி எல்லாம் சரிசெய்து பார்த்தாயிற்று, அப்படியும் பந்து போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பையனே, “ஏதாவது மாத்தலாமாண்ணா?” என்று கேட்கிறான்.

‘பார்க்க நன்றாக இல்லை’ என்பது நான்காவது காரணம் ஆகாது. டி.வி.யில் பார்த்த யாரையோ போல இல்லை என்பதும் ஆகாது. நம்மிடம் வரும் வித்தியாசமான பையன்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாது என்பது என் கணிப்பு. அவர்களை அப்படியே விட்டுவிட்டு, லைனும் லென்த்தும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

சின்னப்பம்பட்டியில் நடந்தது

நடராஜனின் கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார்க்கரையும் ஆஸ்திரேலியாவையும்தான் பேசுகிறோம். பயிற்சியாளருக்கு வேண்டிய பகுதி அதற்கு முன்னால் நடந்தது.

இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். ஊர்க்காரரும் வழிகாட்டியுமான ஜெயப்பிரகாஷ் முயன்று சென்னைக்கு அனுப்ப, நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கி மேலே வந்தார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம். அந்த ஆட்டத்தோடு, ஆக்‌ஷனில் சந்தேகம் என்று புகார் போய்விட்டது. கனவு கைக்கு வந்த வாரமே பந்தைக் கீழே வைக்கவேண்டிய நிலை. சுனில் சுப்ரமணியன் உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் உதவியோடு ஆக்‌ஷனைச் சீராக்கினார். திரும்பி வர ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 2016-இல் தொடங்கிய டி.என்.பி.எல். போட்டியின் சூப்பர் ஓவர் ஒன்றில் அவர் போட்ட யார்க்கர்களை ஊரே பார்த்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம். அடுத்த மாதம் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட்.

இதில் நமக்கு மூன்று செய்திகள். மாற்றவேண்டிய காரணம் உண்மையானது: விதி. மாற்றிய பிறகும் அவருடைய இடதுகைக் கோணமும் யார்க்கரும் போகவில்லை. வேறொரு பந்துவீச்சாளரை அவர்மேல் ஒட்டவைக்கவில்லை. மூன்றாவது நமக்கே உறைக்கவேண்டியது. அந்த முழங்கையை அதற்கு முன்பே, ஊர்த் திடலில் பதினாறு வயதில் யாராவது வீடியோவில் பார்த்திருந்தால், அந்த ஓராண்டு இருபத்துமூன்று வயதில் போயிருக்காது. இன்று சின்னப்பம்பட்டியில் அவர் பெயரிலேயே மைதானம் இருக்கிறது. 2023-இல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அங்கே போய்ப் பந்து போடும் பையனுக்கு அந்தச் சோதனை முதல் மாதத்திலேயே நடக்கவேண்டும்.

விட்டுவைத்ததும் கை வைத்ததும்

மலிங்கா: இலங்கையில் காலி நகருக்குப் பக்கத்து ரத்கமையில் மணலிலும் தென்னந்தோப்பிலும் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்தவர். கை கிட்டத்தட்ட தோள் மட்டத்திலேயே வரும். பயிற்சியாளர் சம்பக்க ராமநாயக்க அந்தக் கையைத் தூக்கச் சொல்லவில்லை. துல்லியத்தை மட்டும் ஏற்றினார். 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் நான்கு பேரை அடுத்தடுத்த நான்கு பந்துகளில் வீழ்த்தியது அந்தக் கைதான்.

ஜேம்ஸ் ஆண்டர்சன் கதையைப் பயிற்சியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். பந்தை விடும் நேரத்தில் அவர் தலை கீழே கவிழ்ந்து தரையைப் பார்க்கும். இப்படி வீசினால் முதுகு போய்விடும் என்று பயந்து, இளம் வயதில் அவரை மாற்றினார்கள். வேகம் குறைந்தது, ஸ்விங் குறைந்தது, தன்னம்பிக்கையும் குறைந்தது. எந்த எலும்பு முறிவைத் தவிர்க்க மாற்றினார்களோ அதுவே 2006-இல் முதுகில் வந்தது. குணமானதும் பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பினார். 2024-இல் ஓய்வு பெறும்போது டெஸ்டில் 704 விக்கெட்; வேகப்பந்து வீச்சாளர் வேறு யாரும் எட்டாத எண்ணிக்கை. காயம் வராமல் இருக்கத்தான் மாற்றுகிறோம் என்று நாமும் நல்லெண்ணத்தோடு சொல்வோம். வலியும் இல்லை, அளந்து பார்த்த அடையாளமும் இல்லை என்றால், அந்த நல்லெண்ணம் வெறும் ஊகம்.

மறுபக்கமும் உண்டு. டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் முதுகெலும்பில் முறிவு. விடாப்பிடியான உடற்பயிற்சியோடு ஆக்‌ஷனையும் திருத்திக்கொண்டு 1974-இல் திரும்பினார். அந்த லில்லிதான் பின்னாளில் 1987 முதல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்தில் கால் நூற்றாண்டு நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். உடம்பு உடைந்தபின் மாற்றியவர் அவர். உடையாததை மாற்றி உடைத்துக்கொண்டவர் ஆண்டர்சன்.

பும்ராவைப் பிறகு பார்ப்போம். அவர் பாதுகாப்புப் பகுதிக்கு உரியவர்.

படி 1: இரண்டு வாரம் வாய் திறக்காதீர்கள்

பையன் வந்த முதல் இரண்டு வாரம், ஆக்‌ஷனைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஒரு நோட்டில் இவற்றை மட்டும் எழுதுங்கள்:

- எத்தனை பந்து போட்டான், அதில் நோ-பால், வைட் எத்தனை.
- களைத்த பிறகு எது மாறுகிறது. முதல் ஓவரில் ஒழுங்காக வரும் கை ஐந்தாவது ஓவரில் மடங்குகிறதா?
- யார்க்கரும் பவுன்சரும் போடும்போது உடம்பு வேறு மாதிரி போகிறதா?
- வேறு எங்கெல்லாம் ஆடுகிறான். இது முக்கியம். உங்களிடம் சனிக்கிழமை வருகிறவன் ஞாயிற்றுக்கிழமை எடப்பாடிப் பக்கம் ஒரு டோர்னமெண்டில் நான்கு மேட்ச் ஆடிவிட்டு வந்திருப்பான். கேட்டால்தான் சொல்வான்.

அதோடு, லெதர் பந்துக்குக் கை பழக நேரம் கொடுங்கள். சாதாரண டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. லெதர் பந்து 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையைத் திடீரென்று கையில் கொடுத்தால், முதல் சில நாள் யாருடைய ஆக்‌ஷனும் கோணலாகத்தான் தெரியும். பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் சிறிய அளவுப் பந்து கேட்டு வாங்குங்கள்.

படி 2: வீடியோ

கண்ணை நம்பவேண்டாம். கை சுழன்று பந்து போகும் நேரம், கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவு. கையில் இருக்கும் போனின் ஸ்லோ-மோஷன் போதும்.

1. பெற்றோரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பெண் பிள்ளைகள் என்றால் அவர்கள் வீட்டார் ஒருவர் உடன் இருக்கட்டும். வீடியோவை வாட்ஸ்ஆப் குழுவில் போடக்கூடாது.
2. கையில்லாத பனியன். முழங்கையின் மேலும் கீழும் வெள்ளை டேப் ஒவ்வொரு சுற்று. டவுசரின் இடுப்புப் பட்டை தெரியவேண்டும்.
3. போனை ஸ்டாண்டில் அல்லது செங்கல் அடுக்கில் ஆடாமல் வையுங்கள். உயரம் பையனின் இடுப்பு அளவு.
4. மூன்று இடம்: பந்து வீசும் கைப்பக்கம் கிரீஸுக்கு நேராக, நேர் பின்னால், பேட்ஸ்மேன் பக்கமிருந்து. மூன்றாவதை வலைக்கு வெளியே நின்று எடுங்கள்.
5. ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஓவர். அதில் இரண்டு சாதாரணப் பந்து, இரண்டு யார்க்கர், இரண்டு முழு வேகம்.
6. காலை வெயிலில் எடுங்கள். மாலை மங்கிய ஒளியில் ஸ்லோ-மோஷன் குழம்பிவிடும்.

குறிப்பு: உடம்பு சூடாகாமல் எடுத்த வீடியோ பொய் சொல்லும். நன்றாக ஓடி, பத்துப் பந்து மெதுவாகப் போட்ட பிறகே தொடங்குங்கள்.

படி 3: மாங்கா சோதனை

விதி என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை, மடங்கியிருக்கும் முழங்கை நிமிரக்கூடாது. சர்வதேச ஆட்டத்தில் 15 பாகை வரை நிமிர அனுமதி.

இதிலிருந்து நம் திடல்களில் நடக்கும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்:

- கை தாழ்வாக வருவது தவறில்லை. மலிங்காவும் பத்திரனாவும் போடுவது எறிதல் அல்ல.
- கை மடங்கியே இருந்து மடங்கியே போனாலும் தவறில்லை. நிமிர்வதுதான் தவறு.
- சிலருக்கு முழங்கை இயல்பாகவே பின்பக்கம் வளையும். பும்ராவுக்கு அப்படி. தூரத்திலிருந்து பார்த்தால் எறிவதுபோல் தோன்றும். பையனைக் கையை நீட்டி உள்ளங்கையை மேலே வைக்கச் சொல்லுங்கள். முழங்கை நேர்க்கோட்டைத் தாண்டிக் கீழே வளைந்தால் அதை நோட்டில் எழுதிவையுங்கள்.

கண்டியின் முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது. 1995 பாக்ஸிங் டே டெஸ்டில் மெல்பர்னில் அம்பயர் டாரல் ஹேர் திரும்பத் திரும்ப நோ-பால் கொடுத்தார். 2004-இல் முரளி கையில் உறுதியான கட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, கேமரா முன்னால் அதே பந்துகளை வீசிக்காட்டினார். சுழற்பந்து வேறு, வேகப்பந்து வேறு என்றாலும் பாடம் ஒன்று: ஒரே கோணத்தில் எடுத்த படத்தைக் காட்டி ஒருவனை எறிகிறவன் என்று முத்திரை குத்தவேண்டாம்.

பக்கவாட்டு வீடியோவில் கை தோள் மட்டத்தில் இருக்கும் படத்தையும் பந்து விடும் படத்தையும் அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். டேப்புகளுக்கு இடையிலான மடிப்பு தெளிவாக விரிகிறதா? மூன்று கோணத்திலும், பல பந்துகளிலும் அப்படியா? ஆம் என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. போன் சொல்வது அவ்வளவுதான். தீர்ப்பு சொல்ல, உடம்பெல்லாம் குறிகள் ஒட்டிப் பல கேமராவில் அளக்கும் ஆய்வகம் வேண்டும். நம் மாநிலத்திலேயே, சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ள விளையாட்டு அறிவியல் மையம் ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்றது.

எச்சரிக்கை: மற்ற பையன்கள் முன்னால் ‘மாங்கா’ என்று சொல்லாதீர்கள். அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டால் அவன் பந்தைத் தொடவே கூசுவான்.

படி 4: முதுகு சோதனை

பின்கால் தரையைத் தொடும் படத்தில் நிறுத்துங்கள். தோள்களை இணைத்து ஒரு கோடு, இடுப்பை இணைத்து ஒரு கோடு மனத்தில் போடுங்கள்.

இரண்டும் பக்கவாட்டைப் பார்த்தால் சைட்-ஆன். இரண்டும் பேட்ஸ்மேனைப் பார்த்தால் ஃபிரண்ட்-ஆன். இரண்டும் நடுவில் இருந்தாலும் பரவாயில்லை. எதுவும் தாழ்ந்ததில்லை. தொல்லை கொடுப்பது கலப்பு ஆக்‌ஷன்: இடுப்பு ஒரு பக்கம், தோள் வேறு பக்கம். அதிலும், பின்கால் விழுந்த பிறகு தோள் இன்னும் பின்னோக்கித் திரும்பி, முன்கால் விழும்போது அங்கிருந்து முறுக்கிக்கொண்டு வந்தால் கீழ் முதுகு வாங்கும். அந்தப் பின்திருப்பம் 30 பாகையைத் தாண்டினால் ஆபத்து என்பது பயிற்சியாளர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் எல்லை. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையிலுள்ள திருப்பம் 30 பாகை. நேர் பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் இது ஓரளவு தெரியும்.

பிறகு பையனிடம் கேளுங்கள். “வலிக்குதா?” என்று கேட்டால் டீமில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து இல்லை என்பான். “காலையில எழுந்து பல்லு விளக்கக் குனியும்போது இடுப்பு பிடிக்குதா தம்பி?” என்று கேளுங்கள். வலதுகைக்காரனுக்கு இடுப்பின் இடது பக்கமும், இடதுகைக்காரனுக்கு வலது பக்கமும் ஒரே இடத்தில் வலித்தால், பின்னால் வளையும்போது கூடினால், அன்றே பந்துவீச்சை நிறுத்துங்கள். எலும்பு, விளையாட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். தொடக்க நிலை முறிவு சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம்; எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தைலம் தேய்த்து, கட்டுப் போட்டு, “சரியாயிடும், ஃபைனல் மட்டும் ஆடிடு” என்று சொல்வது குற்றம். வேறு மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை.

படி 5: பந்து எங்கே விழுகிறது

முதல் இரண்டு சோதனையிலும் தேறிவிட்டான் என்றால், மிச்சமிருப்பது ஒன்றுதான்: இந்த ஆக்‌ஷனில் நினைத்த இடத்தில் போட முடிகிறதா? குட் லென்த்தில் ஒரு துண்டை விரித்து, பேட்டிங் கிரீஸில் ஒரு ஜோடி பழைய ஷூவை வையுங்கள். மூன்று வெவ்வேறு நாளில், ஒவ்வொரு நாளும் நான்கு ஓவர். எங்கே விழுந்தது என்று புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள்.

புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் தவறிக் குவிந்திருந்தால் ஆக்‌ஷனைத் தொடவேண்டாம்; ரன்-அப் தொடங்கும் இடம், பிடி, பார்க்கும் இலக்கு, இவற்றில் ஒன்றை மாற்றினாலே நேராகிவிடும். சிதறிக் கிடந்தால் முதலில் ரன்-அப்பை அளந்து கொடுங்கள். எட்டு வைத்து எண்ணி, சுண்ணாம்பில் குறி போட்டு, ஒரு மாதம் அதிலேயே ஓடவிடுங்கள். சிதறலுக்குக் காரணம் கையில் இருப்பதைவிட, தடுமாறி வந்து சேரும் காலில் இருப்பதே அதிகம். ஒரு மாதத்துக்குப் பிறகும் சிதறினால்தான் அடுத்த படி.

படி 6: பையனிடம் பேசுதல்

மாற்றுவது என்று முடிவானால், வீடியோவை அவனிடமே கொடுங்கள். “என்ன தெரியுது?” என்று கேளுங்கள். அவனே கண்டுபிடித்தது அவன் உடம்பில் நிற்கும். அப்பா அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்: சில மாதம் மேட்சில் பெயர் வராது, வேகம் குறைந்த மாதிரி தெரியும், பயப்படவேண்டாம் என்று. தறிக்குப் போகவேண்டிய நேரத்தில் பையனைத் திடலுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியவேண்டும்.

பேச்சு இந்த அளவில் இருந்தால் போதும்: “தம்பி, உன் கை அப்படியே இருக்கட்டும். முன்கால் மட்டும் குறுக்கே விழுது. அதை மட்டும் பார்ப்போம். வேற எதையும் நெனக்காத.”

நேரமும் பாருங்கள். லீக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும். குறைந்தது மூன்று மாதம் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை மாதங்களில் கூடாது.

படி 7: மாற்றும் வரிசை

பாவு நூல் ஒன்று அறுந்ததற்காக யாரும் தறி முழுவதையும் பிரிப்பதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறார்கள். இங்கும் கெட்டது எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

1. ரன்-அப்: கடைசி நான்கு எட்டு நேராக, சமநிலையில் வருகிறதா?
2. தாவல்: பக்கவாட்டில் பறக்காமல் பேட்ஸ்மேன் திசையில் போகிறதா?
3. பின்கால்: பாதமும் இடுப்பும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா? கலப்பு ஆக்‌ஷனுக்கு முதல் மருந்து இங்கேதான். தோளை இடுப்போடு சேர்க்கவேண்டும். சைட்-ஆனா, ஃபிரண்ட்-ஆனா என்பதை அவன் உடம்பே தேர்ந்தெடுக்கட்டும்.
4. முன்கால்: மிகவும் குறுக்கே விழுந்தால் உடம்பே கையின் வழியை மறிக்கும். கை சுற்றி வரப் பார்க்கும், முழங்கை மடங்கும். எறிகிறான் என்று நாம் சொல்லும் பலருக்குத் தவறு காலில் இருக்கும்.
5. முன்கை: பேட்ஸ்மேனை நோக்கி நீண்டு, விலாவை ஒட்டி இறங்குகிறதா? அது சீக்கிரம் சரிந்தால் தலையும் சரியும்.
6. வீசும் கை: எல்லாவற்றுக்கும் கடைசியில்.
7. மணிக்கட்டு: தொடாதீர்கள். அவன் பந்தில் இருக்கும் விசேஷம் அங்கேதான் குடியிருக்கும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த ஏணியில் ஏற்றுங்கள்: நின்ற இடத்தில் சுவரைப் பார்த்து, நடந்து, மூன்று எட்டு, பாதி ரன்-அப், முழு ரன்-அப், பேட்ஸ்மேன் இல்லாமல், வலையில் பேட்ஸ்மேனோடு, நட்பு மேட்ச், லீக். பத்தில் எட்டுப் பந்து புதிய மாதிரி வந்தால்தான் அடுத்த படி. பேட்ஸ்மேன் எதிரே நின்றதும் பழைய கால் திரும்பி வரும். அது எல்லோருக்கும் வரும். திட்டாமல் ஒரு படி கீழே இறக்குங்கள்.

எறிதலைத் திருத்தும்போது முழங்கையில் மென்மையான துணிக்கட்டு கட்டி, நின்ற இடத்திலிருந்து வீசவைக்கலாம். கை மடங்கினால் கட்டு இழுப்பதை அவனே உணர்வான். இறுக்கமான கட்டோடு முழு வேகத்தில் வீசவிடாதீர்கள், தோள் போய்விடும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஒரே நாளில் ரன்-அப், தலை, கை மூன்றையும் திருத்துவது. அடுத்த வாரம் எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.
- இரண்டு வாத்தியார். நீங்கள் ஒன்று சொல்ல, சேலத்து அகாடமி ஒன்று சொல்ல, பக்கத்து வீட்டு அண்ணன் யூடியூபைப் பார்த்து ஒன்று சொல்வார். யார் பேச்சு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அகாடமிக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்றால் நீங்கள் ஒதுங்குங்கள்.
- எதிர்த்திசைத் தவறு: நேரான நல்ல ஆக்‌ஷன் உள்ள பையன் மலிங்காவைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக்கொள்வது. இது வித்தியாசமான ஆக்‌ஷன் அல்ல, வேடம். முளையிலேயே நிறுத்துங்கள்.
- உயரமாக வளரும் வருடத்தில் மாற்றுவது. பதின்மூன்று, பதினான்கில் ஆறே மாதத்தில் கால் நீண்டுவிடும். ஆக்‌ஷன் தானாகவே குலைந்து தானாகவே கூடும். அப்போது பந்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள்.
- ஒரு மேட்சில் அடி வாங்கியதும் மாற்றுவது.

பாதுகாப்பு

பும்ராவின் ரன்-அப் சிறியது. வேகம் தோளிலும் கையிலும் உடம்பின் சொடுக்கிலும் பிறக்கிறது. அவரை யாரும் மாற்றாமல் விட்டது சரி. ஆனால் 2019-இல் முதுகில் முறிவு, 2022-இல் மறுபடியும் முதுகு, 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து 2024 டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகனானார். வித்தியாசமான ஆக்‌ஷனை விட்டுவைத்தால், பந்து எண்ணிக்கையைக் காவல் காக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது என்று பொருள்.

இங்கிலாந்து வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த அளவு நமக்கும் பொருந்தும்: 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10; 14, 15 வயதில் தொடர்ச்சியாக 6, நாளுக்கு 12; 16, 17 வயதில் தொடர்ச்சியாக 7, நாளுக்கு 18. வலைப் பயிற்சியும் டென்னிஸ் பால் மேட்சும் இதே கணக்கில் சேரவேண்டும். நம் ஊரில் கணக்கு தவறுவது அங்கேதான்.

- சிமெண்ட் பிட்சில் முழு வேகம் வேண்டாம். மேட் விரித்திருந்தாலும் காலுக்குக் கீழே கல்தான். மண் தரையில் முன்கால் விழும் குழியைத் தினமும் நிரப்பித் திமிசு போடுங்கள்.
- வெறுங்காலிலோ தேய்ந்த கேன்வாஸிலோ வேகப்பந்து கூடாது.
- ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டரைக்கு மேல் வேண்டாம். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் இருக்கட்டும்.
- முழு வேகம் போட்ட மறுநாள் ஓட்டமும் உடற்பயிற்சியும் மட்டும்.

அம்பயர் புகார் கொடுத்துவிட்டால்

1. மைதானத்தில் வாதாடாதீர்கள். பையனை அந்த ஆட்டத்தில் மறுபடி பந்து போட அனுப்பவேண்டாம்.
2. எந்த வகைப் பந்தில் சந்தேகம் என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாப் பந்துமா, பவுன்சர் மட்டுமா என்பதைப் பொறுத்து வேலை மாறும்.
3. மாவட்டச் சங்கத்தின் வழியாகவே அடுத்த அடி. சோதனை தேவை என்றால் அவர்கள் சொல்வார்கள்.
4. அதுவரை அவன் பேட்டிங், ஃபீல்டிங் ஆடட்டும். டீமை விட்டு ஒதுக்கிவைக்காதீர்கள்.
5. படி 2-இல் எடுத்த பழைய வீடியோக்களை அழிக்காமல் தேதி போட்டு வையுங்கள். புதிய ஆக்‌ஷனில் ஆறு மாதம் கழித்தும் வேகமும் வரவில்லை, கட்டுப்பாடும் வரவில்லை, முழங்கையில் மட்டும் குறையில்லை என்றால், பழையதில் எந்தப் பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று அவற்றில்தான் தேடவேண்டியிருக்கும்.